அதே கதவைத் தட்டச் சொல்வதா?

நியூசிலாந்தில் 1950 முதல் 2019 வரை அரசு, திருச்சபைப் பராமரிப்பில் இருந்தவர்களில் சுமார் 2 லட்சம் பேர் கொடுமைக்கு ஆளானதாக அரச விசாரணை ஆணையம் மதிப்பிட்டது. லேக் ஆலிஸ் மனநல மருத்துவமனையில் சிறுவர்களுக்குத் தண்டனையாக மின்அதிர்ச்சியே கொடுத்திருக்கிறார்கள். 2024 நவம்பரில் பிரதமர் லக்சன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். சரி, பிறகு?

நிவாரணத்துக்குத் தனி அமைப்பு வேண்டும் என்ற ஆணையத்தின் பரிந்துரையை 2025 மே மாதம் அரசு ஒதுக்கிவிட்டது. சராசரி இழப்பீட்டைச் சுமார் 19 ஆயிரம் டாலரிலிருந்து 30 ஆயிரமாக்கியதோடு சரி. அன்று கொடுமைக்கு ஆளாகி இன்று தலை நரைத்தவர்கள், தங்களைக் காக்கத் தவறிய அதே துறைகளிடம்தான் மனுப் போட வேண்டும். பராமரிப்பில் இருந்த காலம் பற்றிக் கேட்டு வாங்கும் பழைய கோப்பில் வரி வரியாகக் கறுப்பு மை அடித்திருப்பதாகப் பலர் குமுறுகிறார்கள். தன் குழந்தைப் பருவத்தைத் தானே படிக்க முடியாதாம்! தனி அமைப்பையும், தடையில்லா மனநல சிகிச்சையையும் அரசு உடனே தர வேண்டும்.