ஏட்டில் ஏறாத மழைக்கு நஷ்டஈடு கிடையாதா?



நம்ம ஆரணிப் பக்கம் நெல்லுக்கும் மழைதான், பட்டுக்கும் மழைதான். கமண்டல நாகநதியில் தண்ணி வந்தால் ஏரி நிறையும், நடவு நடக்கும். அதே மழை நாலு நாள் விடாமல் பிடித்தால் நெசவாளி வீட்டுத் தறிக்குழியில் தண்ணி ஊறும், தெருவில் பாவு நீட்ட முடியாது.

2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம் என்று அரசே அறிவித்தது. 2024 டிசம்பர் 1-ம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலையில் மலை சரிந்து 7 உயிர் போனது. எட்டு வருஷத்தில் ரெண்டு கோடியையும் பார்த்துவிட்டோம்.

"காலம் கெட்டுப்போச்சு" என்று திண்ணையில் பேசினால் போதுமா? ஒரு வருஷம் நெல் மூழ்கி, மனுவோடு போய் நின்றோம். "ரிக்கார்டுல அவ்வளவு மழை இல்லையேப்பா" என்றார்கள். மழைமானி இருப்பது ஒரு இடத்தில், மழை கொட்டியது நம்ம ஏரிக்கு மேலே! நம்ம கையில் ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினோம்.

கணக்கின் அருமை வெள்ளைக்காரனுக்குத் தெரிந்திருந்தது. சென்னையில் 1792-லேயே வானாய்வுக் கூடம் கட்டினான். 1875-ல் இந்திய வானிலைத் துறை வந்தது. மறுவருஷமே தாது வருஷப் பஞ்சம், லட்சக்கணக்கில் மக்கள் மாண்டார்கள். 1904-ல் அந்தத் துறைக்குத் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர், மழை ஏன் பொய்க்கிறது என்று ஊர் ஊராக எழுதி வைத்த கணக்கைத்தான் அலசினார். பசிபிக் கடல் பக்கத்துக் காற்றழுத்தத்துக்கும் நம்ம மழைக்கும் தொடர்பு இருப்பது அதில்தான் தெரிந்தது.

ஒரு நாள் மழை வானிலை. முப்பது வருஷக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால்தான் அது காலநிலை. எழுதி வைக்காதவனுக்கு மாறியது எது, மாறாதது எது என்று எப்படித் தெரியும்?

ஆகவே நாம் கேட்பது:

1. ஒவ்வொரு ஊராட்சியிலும் மழைமானி வை!
2. தினசரி மழை அளவை ஊராட்சிப் பலகையில் எழுது!
3. நம்ம வட்டாரத்தின் பழைய மழைக் கணக்கை மக்களுக்குக் கொடு!
4. பயிர்ச் சேதம் பார்க்கும்போது அந்த ஊர் மழையையும் கணக்கில் எடு!

அரசு செய்யட்டும் என்று நாமும் சும்மா இருக்க வேண்டாம். "ரெண்டு உழவு மழை" என்று சொன்னால் ஆபீசில் ஏறாது, மில்லிமீட்டரில் சொல்ல வேண்டும். 1 மில்லிமீட்டர் என்றால் ஏக்கருக்கு சுமார் 4,000 லிட்டர் தண்ணி. கிளைக்கு ஒரு மழைமானி வாங்குவோம். தினம் காலை எட்டரை மணிக்கு அளந்து, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை விட்டு நோட்டில் எழுதச் சொல்வோம்.

அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு நோட்டோடு திரண்டு வாருங்கள்! நெசவாளத் தோழர்களையும் அழைத்து வாருங்கள்!

ஒன்றுபடுவோம்! கணக்கோடு கேட்போம்! வென்று காட்டுவோம்!