இரண்டாம் சாவி யார் கையில்?

வங்கி லாக்கருக்கு இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று வங்கியிடம், மற்றொன்று நம்மிடம். இணையப் பணப் பரிமாற்றத்திலும் இரட்டைப் பூட்டுதான். பாஸ்வேர்டு முதல் சாவி. செல்போனுக்குக் குறுஞ்செய்தியாக வரும் ஓ.டி.பி. இரண்டாவது. இணையத்தில் கார்டு மூலம் செலுத்தும் பணத்துக்குக் கூடுதல் சரிபார்ப்பு வேண்டும் என்று 2009 ஆகஸ்டு முதல் ரிசர்வ் வங்கி விதித்தது. நல்ல விதி. ஆனால் அந்த இரண்டாம் சாவி உரியவர் கையில் இருக்கிறதா?

வெளிமாநிலம் வந்து குடியேறிய நம் குடும்பங்களையே பாருங்கள். ஊரில் அப்பாவின் வங்கிக் கணக்கு. அதில் பதிவாகியிருப்பதோ இங்குள்ள மகனின் எண். அப்பா அங்கே ஒரு பில் கட்ட முற்பட்டால் ஓ.டி.பி. இங்கே வருகிறது. மகனுக்கு டவர் கிடைக்காவிட்டால் காரியம் நின்றுவிடும். கிடைத்தால், "என்ன நம்பர்டா வந்திருக்கு?" என்று அப்பா கேட்க, மகன் படித்துச் சொல்கிறான். ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கிகள் ஓயாமல் எச்சரிக்கின்றன. நம் வீட்டு ஏற்பாடோ அதைப் போனில் சொல்லும் பழக்கத்தையே வளர்க்கிறது. வங்கியிலிருந்து பேசுவதாக நாளை ஒருவன் கேட்டால், பழகிய வாய் சொல்லிவிடாதா?

டவரும் இணையமும் இல்லாமலே இயங்கும் இரண்டாம் சாவி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ரயில்வேக்காரனான எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. ஒற்றை வழித்தடத்தில் இரு பக்க நிலையத்தாரும் சேர்ந்து இயக்கினால்தான் டோக்கன் கருவியிலிருந்து உருண்டை வெளியே வரும். அந்த டோக்கனும் கையில் இருந்து, சிக்னலும் இறங்கினால்தான் டிரைவர் வண்டியை எடுப்பார். பிறகு நடுக்காட்டில் அவர் யாருக்கும் போன் செய்ய வேண்டியதில்லை. இரு முனையும் முன்பே ஒப்புக்கொண்ட அத்தாட்சி அவர் கையில் இருக்கிறது.

ஆதன்டிகேட்டர் செயலியும் அப்படித்தான். முதல் நாள் ஒரு சதுரக் கட்டப் படத்தை ஸ்கேன் செய்யும்போது ஒரு ரகசிய எண் இரு பக்கமும் பதிவாகிறது. அதன்பின் அந்த ரகசியத்தையும் கடிகார நேரத்தையும் சேர்த்து, 30 விநாடிக்கு ஒருமுறை இரு பக்கமும் தனித்தனியே ஒரே 6 இலக்க எண்ணைக் கணக்கிடுகின்றன. எண் எங்கிருந்தும் வருவதில்லை, கையிலேயே பிறக்கிறது. செல்போனில் சிம் இல்லாவிட்டாலும் நடக்கும். இந்தக் கணக்குமுறை 2011இல் வெளியிடப்பட்டது. இணைப்பே இல்லாத கணினிக்கும் இப்படிப் பூட்டுப் போடலாம்.

ஒரே நிபந்தனை, இரு கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டும். ரயில்வேயில் தினமும் 16 மணிக்கு நிலையங்களுக்கு நேரம் அறிவித்துக் கடிகாரத்தைச் சரிசெய்யும் விதி சும்மா வந்ததல்ல.

குறைகளும் உண்டு. செல்போன் தொலைந்தால் சாவியும் தொலையும். ஆகவே அவசர எண்களை முதல் நாளே தாளில் எழுதிப் பத்திரத்தோடு பத்திரமாக வைக்க வேண்டும். ஏமாற்றுக்காரனிடம் வாய்விட்டுச் சொன்னால் இந்த எண்ணும் காப்பாற்றாது. ஆனால் சாவி உரியவர் கையிலேயே இருப்பதால், அதை இன்னொருவரிடம் கேட்டு வாங்கும் தேவையே எழாது. எண்ணை யார் கேட்டாலும் சந்தேகப்படு என்று அப்பாவுக்குச் சொல்வதும் எளிதாகும்.

குறுஞ்செய்திதான் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயப்படுத்தவில்லை. 2025 செப்டம்பரில் அது வெளியிட்ட நெறிமுறையும் வேறு வழிகளுக்கு இடம் தந்து, 2026 ஏப்ரல் 1-ஐ அமலாகும் நாளாகக் குறித்தது. ஆகவே வங்கிகள் கேட்பவர்களுக்காவது இணையமில்லாச் சாவியைத் தர வேண்டும். செல்போன் இல்லாத முதியவர்களுக்குச் சாவிக்கொத்தில் மாட்டும் சிறு கருவியைத் தர வேண்டும் என்பது என் கருத்து. நாமும் கேட்காமல் கிடைக்காது.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். மின்னஞ்சல் கணக்குகள் பலவற்றில் இந்த வசதி இப்போதே இருக்கிறது. அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும் பிள்ளைகள், பெற்றோரின் செல்போனில் இதை அமைத்துக் கொடுத்து, இரண்டு முறை அவர்களையே செய்ய வைத்துப் பார்த்துவிட்டு வண்டி ஏறுங்கள்.