மருந்துப் பொதிக்கு ஒரு முகவரி வேண்டும்



கொவிட் காலத்தில் நம் லயங்களில் எல்லாரும் கஷ்டப்பட்டோம். சிறுநீரகம் மாற்றப்பட்ட பிள்ளையை வைத்திருக்கும் தாய் தகப்பனுக்கு அந்தக் காலம் அதைவிடக் கொடுமையானது. அந்தக் கொடுமையில் ஒரு பகுதி நோயால் வருவது. மறு பகுதி தோட்டத்தில் நம்மை வைத்திருக்கும் முறையால் வருவது. இந்த மறு பகுதியைப் பற்றிச் சங்கம் பேச வேண்டும் என்பது என் கருத்து.

சிறுநீரகம் மாற்றிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறோம். பெற்ற தாயே கொடுத்த சிறுநீரகமானாலும், பிள்ளையின் உடம்பு அதை அந்நியப் பொருளாக நினைத்துத் தாக்கப் பார்க்கும். அதைத் தடுக்க டக்ரோலிமஸ், மைக்கோபீனோலேட், பிரெட்னிசொலோன் போன்ற மருந்துகளை நாள் தவறாமல், நேரம் தவறாமல் கொடுத்துவர வேண்டும். மருந்து தவறினால் சிறுநீரகம் பழுதாகலாம். பிறகு மறுபடியும் இரத்தச் சுத்திகரிப்புதான். அதே மருந்துகள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் குறைக்கின்றன. நமக்கு இரண்டு நாள் காய்ச்சலாக வருவது அந்தப் பிள்ளையை வைத்தியசாலையில் கிடத்திவிடும். ஆகவே மருந்து நிற்கக்கூடாது, தொற்றும் வரக்கூடாது.

கித்துல்கலையில் இருந்து பாருங்கள். சிறுவர்களுக்கான பெரிய வைத்தியசாலைகள் இரண்டு. ஒன்று கொழும்பில் லேடி ரிட்ஜ்வே. மற்றது பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க வைத்தியசாலை. கொழும்புக்கு அவிசாவளை வழியாக 90 கிலோமீட்டர் அளவில் போக வேண்டும். பேராதனைக்கு கினிகத்தேனை ஏறி, நாவலப்பிட்டி, கம்பளை சுற்றிப் போக வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் சப்ரகமுவ மாகாணத்தைத் தாண்டியாக வேண்டும். 2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்குச் சட்டம் வந்தது. பஸ் நின்றது. 2021 மே மாதத்தில் மாகாணம் விட்டு மாகாணம் போவதையே தடுத்தார்கள். நோயாளிக்கு அனுமதி உண்டுதான். ஆனால் கிளினிக் கொப்பியைக் காட்டிச் சிங்களத்தில் விளக்கம் சொல்ல வேண்டும், வேன் பிடிக்க வேண்டும். 2021 மார்ச்சில்தான் நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அந்தச் சம்பளத்தில் கொழும்புக்கு வேன் பிடித்தால் மாதத்தில் எத்தனை பேர் அதற்கே போய்விடும்?

2020 ஏப்ரலில் ஒரு நல்ல காரியம் நடந்தது. சுகாதார அமைச்சும் தபால் திணைக்களமும் சேர்ந்து கிளினிக் மருந்தை வீட்டுக்கே அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்கின. ஊரில் இருப்பவருக்கு வீட்டு இலக்கம் இருக்கிறது, வீதிப் பெயர் இருக்கிறது. நமக்கு? பல தோட்டங்களில் லயத்துக்குத் தனி முகவரியே கிடையாது. கடிதமெல்லாம் மொத்தமாகத் தோட்ட ஆபீசுக்கு வரும். அங்கிருந்து யார் கையிலாவது கொடுத்துவிட்டால்தான் வீட்டுக்கு வரும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி முடிந்த பிறகு கையில் கிடைத்த பிள்ளைகள் நம் மத்தியில் எத்தனை பேர்! மருந்துப் பொதிக்கும் அதே கதிதான் என்றால், அங்கே போவது வேலைவாய்ப்பு அல்ல, உயிர்.

தொற்று வராமல் பார்ப்பதும் அப்படியே. “தனிமைப்படுத்துங்கள்” என்று வைத்தியர் சொல்வார். ஒரே காம்பராவில் ஐந்தாறு பேர் படுக்கும் இடத்தில், பொதுப் பீலியில் தண்ணீர் பிடித்து, பொது மலசலகூடத்துக்குப் போகும் பிள்ளையை எங்கே தனியாக வைப்பது? ஊரடங்கிலும் தோட்ட வேலை நிற்கவில்லை. தாய் கொழுந்துக்கோ பால்வெட்டுக்கோ போய்த்தான் ஆக வேண்டும். மாலையில் அதே காம்பராவுக்குத்தான் திரும்ப வேண்டும்.

செய்ய மனமிருந்தால் வழி கிடைக்கும் என்பதையும் அதே காலத்தில் பார்த்தோம். 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலத்தை 2020 ஏப்ரலில், ஊரடங்கு வந்த சில வாரங்களுக்குள், கம்பியூட்டர் வழி ஏலமாக மாற்றினார்கள். லொறிகள் ஓடின. தேயிலை கப்பலேறியது. தேயிலைக்கு வழி செய்த நாட்டில் தேயிலை பறிப்பவரின் பிள்ளைக்கும் வழி செய்ய முடியும்.

ஆகவே சங்கம் நான்கு விடயங்களைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு லய வீட்டுக்கும் இலக்கமும் முகவரியும் கொடுத்து, தபாலை வீட்டிலேயே சேர்க்க வேண்டும். இத்தகைய நோயாளிகளின் மருந்தை, வைத்தியரின் ஒப்புதலோடு, கரவனெல்லை போன்ற பக்கத்து அரச வைத்தியசாலையில் பெற ஒழுங்கு வேண்டும். கிளினிக் நாளில் பிள்ளையோடு போகும் தாய்க்கோ தகப்பனுக்கோ சம்பளத்துடன் லீவு வேண்டும். பாதை மூடப்பட்டால் தோட்ட வாகனம் கொடுக்கும் பொறுப்பை நிர்வாகம் எழுத்தில் ஏற்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. காய்ச்சல், தடிமன் உள்ளவர் அந்த வீட்டுக்குப் போக வேண்டாம். கடையில் வாங்கிய வலி மாத்திரையையோ கசாயத்தையோ பாசத்தில் கொடுத்துவிட வேண்டாம். 2020 டிசெம்பரில் நம் கேகாலை மாவட்டத்திலேயே, ஹெட்டிமுல்லையில், கொவிட்டுக்கு மருந்தென்று சொன்ன ஒரு பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தார்கள். இந்தப் பிள்ளைக்கு எதைக் கொடுப்பதென்றாலும் முதலில் கிளினிக் வைத்தியரைக் கேட்க வேண்டும். தடுப்பூசியும் அவரைக் கேட்டுத்தான்.

“ஒரு பிள்ளைக்காகச் சங்கம் முழுக்கப் பேச வேண்டுமா?” என்று சிலர் கேட்கலாம். அந்த முகவரி சீனி வருத்தக்காரருக்கும், பிரஷர் மருந்து எடுக்கும் நம் ஆத்தாமாருக்கும், பரீட்சைக் கடிதத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். கொவிட் போய்விட்டது என்று இருந்துவிடவும் முடியாது. 2022இல் எண்ணெய் இல்லாமல் வாகனங்கள் நின்றன, வைத்தியசாலைகளில் மருந்துக்கும் தட்டுப்பாடு வந்தது. அடைமழையில் மண்சரிந்தாலும் நம் பாதை மூடத்தான் செய்கிறது.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் தலைவர்மார் இதை முதல் விடயமாக எடுக்க வேண்டும். தங்கள் டிவிசனில் மருந்து நிற்கக்கூடாத நோயாளி யார் யார் என்று, குடும்பத்தாரின் சம்மதத்தோடு, ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு வாருங்கள். துரையிடம் பேசப் போகும்போது அது நம் கையில் இருக்க வேண்டும்.