கண்டறிந்து காரியம் செய்யும் வித்தை

ஒரு ஸ்தாபனத்தில் குறை நேர்ந்தால் நம் நாட்டில் உடனே கிளம்பும் கூக்குரல் ஒன்றே: “ஆட்கள் போதாது, பணம் போதாது.” ஆட்களையும் பணத்தையும் கூட்டிய பின்னும் குறை நீங்காவிடில் ஒரு கமிட்டி நியமிக்கப்படுகிறது. கமிட்டி அறிக்கை விடுகிறது. அறிக்கை அலமாரியில் துயில்கிறது. உள்ள ஆட்களும் உள்ள சாதனங்களும் உண்மையில் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதை அருகிருந்து கண்டு, எண்ணிக் கணக்கிட்டு, வழி சொல்லும் முறை ஒன்று உலகில் உண்டு. அதற்குச் செயல்முறை ஆராய்ச்சி என்று பெயர். அதைப் பாடமாகப் படிப்போர் நம்மிடையே பலர். வித்தையாகப் பயில்வோர் சிலரே. இக்குறையைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறோம்.

இம்முறை யுத்தத்தில் வளர்ந்தது. 1941-ல் பேராசிரியர் பிளாக்கெட் பிரிட்டனின் கடலோர விமானப் படையில் இவ்வேலையை மேற்கொண்டார். அப்போது நீர்மூழ்கிக் கப்பல்கள்மீது விமானங்கள் எறிந்த வெடிகள் நூறடி ஆழத்தில் வெடிக்குமாறு அமைக்கப்பட்டிருந்தன. அவருடன் உழைத்த ஈ. ஜே. வில்லியம்ஸ் என்ற விஞ்ஞானி தாக்குதல் அறிக்கைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். நூறடி ஆழம் செல்ல அவகாசம் பெற்ற கப்பல் எங்கே இருக்கிறதென்று விமானிக்குத் தெரியாது. இடம் நிச்சயமாகத் தெரிவது நீர்மட்டத்திலோ சற்றுக் கீழோ உள்ள கப்பல்தான். அதற்கோ நூறடியில் வெடிக்கும் வெடியால் தீங்கில்லை. ஆழத்தை 25 அடியாகக் குறைக்க வேண்டுமென்றார் வில்லியம்ஸ். நாளடைவில் அவ்வாறே செய்யப்பட்டது, பலன் பன்மடங்காயிற்று. இம்மாறுதலுக்குப் புதிய விமானம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. சரியான கேள்வி ஒன்றே வேண்டியிருந்தது.

இதே பிளாக்கெட்தான் 1947-க்குப் பின் நமது ராணுவ விஞ்ஞான அமைப்பைப் பற்றிப் பண்டித நேருவுக்கு ஆலோசனை கூறியவர். 1957-ல் இந்தியச் செயல்முறை ஆராய்ச்சிச் சங்கமும் தோன்றியது. ஆகவே இந்த ஞானம் நமக்கு அந்நியமன்று.

யுத்தகளத்துக்கு மட்டும் உரியதன்று இம்மனப்பான்மை என்பதற்குச் சென்னை நகரமே சாக்ஷி. க்ஷயரோகிகளை சானடோரியத்தில் வைத்தே குணப்படுத்த வேண்டும் என்பது பழைய நம்பிக்கை. தேசத்திலிருந்த நோயாளிகளுக்கோ படுக்கைகள் எட்டாக்கனி. 1956-ல் சென்னையில் நிறுவப்பட்ட சிகிச்சை ஆராய்ச்சி நிலையத்தார், இந்த நம்பிக்கையையே பரீக்ஷைக்கு உட்படுத்தினர். ஒரு சாராருக்கு சானடோரியத்திலும், மற்றொரு சாராருக்கு அவரவர் வீட்டிலும் அதே மருந்துகள் அளிக்கப்பட்டன. வீட்டிலிருந்தோர் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள்; அவர்களுக்கு உணவும் குறைவே. ஆயினும் 1959-ல் வெளியான முடிவு யாது? குணம் ஏறக்குறைய ஒன்றே. வீட்டாருக்குத் தொற்றும் அபாயமும் அதிகரிக்கவில்லை. ஏழை நாடுகள் பலவற்றின் சிகிச்சை முறை இதனால் மாறியது. படுக்கைக்காகக் காத்திருந்தே மாண்டிருக்கக்கூடியவர்கள் எத்தனை பேர் இதனால் பிழைத்தனரோ!

இப்படிப்பட்ட வித்தையை நம் கலாசாலைகள் எவ்வாறு கற்பிக்கின்றன? புத்தகத்தில் அச்சிட்ட எண்களைக் கொடுத்து, விடை காணச் சொல்கின்றன. சரக்கனுப்பும் கணக்கைப் பிழையின்றிப் போடும் மாணவன் ஒரு கிடங்கின் வாயிலை மிதித்திருக்க மாட்டான். கணக்கு அவசியந்தான், ஆனால் ஸ்தாபனத்தில் எவரும் கணக்கை எழுதி நீட்டுவதில்லை. முறையீட்டையே நீட்டுகிறார்கள். முறையீட்டிலிருந்து கேள்வியைப் பிரித்தெடுப்பதே முதல் வேலை. நியாயஸ்தலத்தில் எழுவினாவைத் தவறாக வகுத்தால், எவ்வளவு சாக்ஷியம் இருந்தும் வழக்குக் கெடும் என்பதை வக்கீல்கள் அறிவார்கள். இங்கும் அப்படியே.

ஆஸ்பத்திரியில் நோயாளிகள் காலை முதல் காத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். “டாக்டர்கள் போதாது” என்பார் அதிகாரி. பயிற்சி பெற்றவன் அதை உடனே ஒப்பமாட்டான். ஒவ்வொருவரும் சீட்டு வாங்குமிடத்தில் எவ்வளவு நேரம், டாக்டரிடம் எவ்வளவு, ரத்தப் பரிசோதனையில் எவ்வளவு, மருந்து வாங்குமிடத்தில் எவ்வளவு என்று தானே நின்று குறிப்பான். தாமதம் டாக்டரிடமின்றிச் சீட்டுக் கொடுக்குமிடத்தில் இருக்கக் கூடும். சிப்பந்திகளை வேவு பார்க்க வந்தவனல்லன் என்பதை அவர்களுக்கு முதலிலேயே உணர்த்துவான். ஏனெனில் உண்மையை அறிந்தவர்கள் அவர்களே. மாறுதலைச் சிறிய அளவில் செய்து பார்த்து, சில மாதம் கழித்து மறுபடியும் வந்து அளந்து பார்ப்பான். திரும்பி வராத ஆராய்ச்சி பாதி ஆராய்ச்சியே.

நாம் வேண்டுவது இரண்டு. கலாசாலைகள் மாணவனை ஒரு பருவமாவது பஸ் டிப்போவுக்கோ, ஆஸ்பத்திரிக்கோ, நகரசபைக்கோ அனுப்ப வேண்டும். ஸ்தாபனத் தலைவர்கள் தமக்குப் பிரியமில்லாத முடிவையும் கேட்கும் துணிவு கொள்ள வேண்டும். முன்னது இல்லாவிடில் வித்தை வளராது. பின்னது இல்லாவிடில் வித்தை பயன்படாது. அந்நியர் ஆண்ட காலத்தில் குறைகளுக்கு அந்நியரைக் காரணம் காட்டினோம். அது நியாயமே. சுயராஜ்யத்தில் நம் வேலையை நாமே அளந்து பார்த்துத் திருத்திக்கொள்வதுதான் நியாயம்.