உதிரி பாகங்களில் ஒளிந்திருக்கும் துப்பாக்கி

அமெரிக்காவில் துப்பாக்கி இன்று முழுப் பொருளாக மட்டுமல்லாமல், உதிரி பாகங்களாகவும் விற்கப்படுகிறது. ஏஆர்-15 வகை ரைஃபிளை எடை குறைவாக அமைத்துக்கொள்ள விரும்புபவர், மெல்லிய குழலை ஒரு நிறுவனத்திடமும், தோளில் தாங்கும் கட்டையை மற்றொரு நிறுவனத்திடமும் வாங்கித் தாமே பொருத்திக்கொள்கிறார்.

இது திடீரென உருவான சந்தை அன்று. 1950-களில் ஆர்மலைட் நிறுவனத்தில் யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த இந்த ரைஃபிளின் உடற்பகுதி, எடையைக் குறைப்பதற்காகவே அலுமினியத்தால் செய்யப்பட்டது. உரிமையைப் பின்னர் கோல்ட் நிறுவனம் வாங்கியது. 1970-களின் பிற்பகுதியில் முக்கியக் காப்புரிமை காலாவதியானதும், பல நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும் பாகங்களைத் தயாரிக்கத் தொடங்கின.

எடைக் குறைப்புக்கும் விலை உண்டு. மெல்லிய குழல் விரைவில் சூடேறும். தொடர்ந்து சுட்டால் குறி சிதறும். எடை குறையக் குறைய, தோளில் பின்னுதைப்பு கூடும். டைட்டானியமும் கார்பன் இழையும் செலவை உயர்த்தும். இந்த லாப நட்டத்தை வாங்குபவர் தாமே கணக்கிட்டுக்கொள்கிறார். ஆனால், சமூகம் சுமக்கும் செலவு அக்கணக்கில் இடம்பெறுவதில்லை.

அதைக் கணக்கில் கொண்டுவர வேண்டியது சட்டம். அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, வரிசை எண் பொறிக்கப்பட வேண்டியது 'ரிசீவர்' எனப்படும் உடற்பகுதி மட்டுமே. ஏஆர்-15 ரைஃபிளில் அதன் கீழ்ப்பாகமே துப்பாக்கியாகக் கருதப்படுகிறது. உரிமம் பெற்ற வணிகரிடம் அதை வாங்கும்போதுதான் பின்னணிச் சோதனை; குழலுக்கோ விசைக்கோ கூட்டாட்சிச் சட்டத்தில் அத்தகைய சோதனை இல்லை.

கோடு ஓரிடத்தில் மட்டும் வரையப்பட்டால், வணிகம் கோட்டின் மறுபக்கத்துக்கு நகரும். அப்படித்தான் நடந்தது. முழுமை பெறாத ரிசீவர்கள் எண்ணின்றி விற்பனைக்கு வந்தன. வீட்டிலேயே துளையிட்டு முடிக்கப்பட்ட அத்துப்பாக்கிகள் குற்றங்களில் சிக்கியபோது, காவல்துறையால் அவற்றின் மூலத்தைக் கண்டறிய இயலவில்லை. 2022-இல் அரசு புதிய விதியைக் கொண்டுவந்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற பெரும்பான்மையில் அவ்விதியை ஏற்றது.

ஐரோப்பிய ஒன்றியம் குழலையும் இன்றியமையாப் பாகமாகக் கருதிக் கட்டுப்படுத்துகிறது. இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில், ஆயுதத்தின் பாகங்களும் 'ஆயுதம்' என்ற வரையறைக்குள் அடங்குகின்றன. வரையறை மட்டும் போதாது என்பதற்கு இங்கே பிடிபடும் கள்ளத் துப்பாக்கிகளே சான்று. ஆயினும், வரையறையிலேயே ஓட்டை இருந்தால் அமலாக்கம் தொடங்கவே வழியில்லை.

ஒவ்வொரு திருகுக்கும் உரிமம் கேட்பது வேட்டைக்காரர்களையும் விளையாட்டு வீரர்களையும் வீணாக அலைக்கழிக்கும். குழல், ரிசீவர் போன்ற சில முதன்மைப் பாகங்களுக்கு எண்ணும் சோதனையும் கட்டாயமாக்கினால் போதும். பொருளின் வடிவம் மாறும்போது சட்டத்தின் வரையறையும் மாற வேண்டும்; மாறாவிட்டால், அதன் விலையைக் கொடுப்பவர்கள் துப்பாக்கியை வாங்காதவர்களே.