குதிரையினின்று இறங்குக!

பொருளுடையார் துய்க்கும் இன்பங்களைப் பற்றிப் பொருளில்லாதார் தீர்ப்புக் கூறுவது எளிது. பொறாமையும் அறமும் சில வேளைகளில் ஒரே ஆடையை உடுத்து வருமாதலின், எது எதுவெனப் பகுத்தறிதல்தான் அரிது. இவ்வரிய செயலில் யாம் தலையிட நேர்ந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு.

இவ்வாண்டு கல்லூரி திறந்த சின்னாட்களுள், நம் பழைய மாணவர் ஒருவர் விடுதிக்கு வந்திருந்தார். அயல்நாட்டில் உயர்பதவி வகிக்கும் அவர், தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மாகாணத்தில், கடற்கரையும் மலையும் திராட்சத் தோட்டங்களும் விரவிக் கிடக்கும் நாட்டினூடே, பத்து நாட்கள் குதிரையேறி உல்லாசப் பிரயாணம் செய்து மீண்டவர். தாம் எடுத்த படங்களை எமக்குக் காட்டிக் களிப்போடு விளக்கினார். அவர் விடைபெற்றுச் சென்றபின் விடுதியில் எழுந்த வாதம் நள்ளிரவு வரை ஓயவில்லை. ‘உண்ண உணவில்லாதார் பலர் வாழும் உலகில் இஃதென்ன கேளிக்கை!’ என்றனர் ஒரு சாரார். ‘பொருள் கிடைப்பின் நாளையே புறப்படுவோம், இளமையிற் காணாத உலகத்தைப் பின் எப்பொழுது காண்பது?’ என்றனர் மற்றொரு சாரார். இரு திறத்தாரும் உண்மையின் ஒவ்வொரு கூற்றைக் கண்டனர் என்பதும், இருவரும் காணாத கூறொன்று அப்படங்களுள் ஒன்றிலேயே இருந்தது என்பதும் எமது கருத்து.

முதற்கண், ஆடம்பரம் என்னும் குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம். அது பொய்யன்று. இத்தகைய பிரயாணிகள் நாடோறும் ஐந்தாறு மணி நேரம் சேணத்தில் அமர்ந்து செல்வர். அவர்தம் மூட்டைகளோ வண்டியில் முன்னரே போய்ச் சேரும். நண்பகலில் மரநிழலில் வெண்டுகில் விரித்த மேசைமீது உணவு காத்திருக்கும். மாலையில், வளைந்த வெண்முகப்புக்களையுடைய பழைய டச்சு மாளிகைகளில் தங்குவர்; அவ்வத் தோட்டத்துத் திராட்சரசத்தைப் பருகி, அதன் ஆண்டையும் மணத்தையும் பற்றி அளவளாவுவர். இதற்கு ஆகும் பொருள், நம் விடுதி மாணவன் ஒருவன் பட்டம் பெறும்வரை செலவிடுவதினும் மிகுதி.

ஆயினும் மறுபுறமும் நோக்குதல் வேண்டும். செல்வர் பலர் விரைவையே விலைகொடுத்து வாங்கும் இக்காலத்தில், இவர்கள் தாமதத்தை விலைகொடுத்து வாங்குகின்றனர். கேப் நகரத்திலிருந்து ஸ்டெல்லன்பாஷ் என்னும் ஊர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். மோட்டார் வண்டி அதனை ஒருமணி நேரத்துக்குள் கடந்துவிடும். குதிரைக்கோ ஒருநாள் முழுதும் வேண்டும். அந்த ஒருநாளிற் கண்ணும் காதும் மூக்கும் பெறும் கல்வி, கண்ணாடிச் சாளரத்தின் பின் அமர்ந்து விரைவார்க்குக் கிட்டாது.

அந்நாடும் அத்தகைய கல்விக்கு ஏற்றதே. நூர்ட்ஹுக் என்னும் இடத்தில் எட்டுக் கிலோமீட்டர் நீண்ட வெண்மணற் கரை இருக்கின்றது. 1900ஆம் ஆண்டில், தன் முதற் பயணத்திலேயே வழிதவறி அங்குத் தரைதட்டிய ‘ககாப்போ’ என்னும் நீராவிக் கப்பலின் துருவேறிய விலாவெலும்புகள் இன்றும் மணலினின்று நீண்டு நிற்கின்றன. குதிரைகள் அவற்றைச் சுற்றிச் செல்கின்றன. தென்முனைக் கடலிலிருந்து வரும் பெங்குவேலா நீரோட்டம் அக்கரையைக் குளிரச் செய்கின்றது. கோடையில் வீசும் தென்கீழ்க் காற்றை ‘கேப் மருத்துவன்’ என்று அந்நாட்டார் அழைப்பர். மலைச்சரிவுகளை ‘ஃபைன்போஸ்’ எனப்படும் சிறுபுதர்க்காடு மூடியிருக்கின்றது. அச்சிறு நிலப்பரப்பில் ஏறத்தாழ 9,000 வகைச் செடிகள் உள. அவற்றுள் மூன்றில் இருபங்கு உலகில் வேறெங்கும் இயற்கையாய் வளராதவை. கிழக்கே வாக்கர் விரிகுடாவில், ஜூன் முதல் நவம்பர் வரை திமிங்கிலங்கள் கரையருகே வந்து கன்றீனும். அதற்கு மேலே, ‘விண்ணும் மண்ணும்’ என்று பொருள்படும் ஹெமெல்-என்-ஆர்டே பள்ளத்தாக்கு. 1970கள் முதல் அது திராட்சத் தோட்டங்களாற் பொலிகின்றது. திணைமயக்கம் என்று யாம் இலக்கண வகுப்பிற் படிப்பதை, அங்குச் செல்வோன் ஒரே நாளிற் குதிரைமீதிருந்து காண்பான். இத்தகைய காட்சியை விரும்புதல் எங்ஙனம் குற்றமாகும்?

இனி, அவனைச் சுமக்கும் குதிரையைப் பற்றிச் சிறிது கூறுவோம். அது அந்நாட்டுப் பிறப்பன்று. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1652இல் கேப்பில் குடியேறி, அடுத்த ஆண்டிற் சாவகத்திலிருந்து நான்கு குதிரைகளை வருவித்தனர். பெருகிய குதிரைகளை ஆப்பிரிக்கக் குதிரைநோய் என்னும் கொள்ளைநோய் பலமுறை வாரிக்கொண்டது. 1854–55இல் மட்டும் ஏறத்தாழ 70,000 குதிரைகள், அதாவது ஐந்தில் இரண்டு பங்கு, மடிந்தன என்பர். அந்நோயைப் பரப்புவது கண்ணுக்கு எளிதிற் புலப்படாத ஒருவகைச் சிறுகொசு. அந்தி தொடங்கி விடியுமளவும் அது பறக்குமாதலின், நோய்க்காலத்தில் ஞாயிறு மறையுமுன் குதிரைகளை லாயத்தில் அடைத்தல் வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டுக் கரையை அடைந்த மார்க்கோ போலோ, அங்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் கப்பலில் வந்திறங்கியும், பேணத் தெரிந்தாரின்மையால் ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலன இறந்தன என்று எழுதியுள்ளார். ஆகவே, குதிரையின்மேல் அமரும் இன்பம் ஏறுவோனுடையது. அதன் உயிரோ பேணுவோன் கையது. விடியுமுன் எழுந்து குளம்பைத் துடைத்து, லாடத்தை ஆராய்ந்து, தீனியிட்டு, சேணம் பூட்டிக் கொணர்ந்து நிறுத்துவோன் ஒருவன் உளன். நம் பழைய மாணவர் காட்டிய படங்களுள் ஏறத்தாழ இருபதிற் குதிரைகள் இருந்தன. குதிரைக்காரர் ஒருவரேனும் ஒன்றிலும் இல்லை.

யாம் மேலே குறித்த படத்திற்கு இப்பொழுது வருகின்றோம். பசுந்திராட்சக் கொடிகளின் நடுவே ஒரு வெண்ணிறச் சுவர், சுவர்மீது வளைவு, வளைவினுள் ஒரு வெண்கல மணி. அதன் நிழலில் அவர் குதிரை நின்றது. ‘இம்மணி யாது?’ என்று எம்முள் ஒருவர் வினவினார். ‘தெரியாது, அழகாயிருந்தது, எடுத்தேன்’ என்றார் அவர். எமக்கும் தெரியவில்லை. பின்னர் நூல்களைத் தேடியே அறிந்தோம். அஃது அடிமை மணி.

அத்தோட்டங்களின் வரலாறு சுருக்கமாக இது. 1655இல் யான் வான் ரீபெக் என்னும் தலைவர் அங்கு முதன்முதல் திராட்சக்கொடி நட்டார். 1659 பிப்ரவரி 2ஆம் நாள் முதல் ரசம் பிழியப்பெற்றது. அதே ஆண்டில், தம் ஆநிரைகள் மேய்ந்த நிலத்தை இழந்த கொய்கொய் மக்கள் டச்சுக்காரரோடு போர்புரிந்தனர். அம்மக்களின் மந்தையைத் தடுக்க 1660இல் காட்டு வாதுமைச் செடிகளால் ஒரு வேலி இடப்பட்டது. அதன் ஒருபகுதி கிர்ஸ்டன்பாஷ் பூங்காவில் இன்றும் தழைத்து நிற்கின்றது. நாபோத்தின் திராட்சத்தோட்டக் கதையை ஓய்வுநாட்பள்ளியிற் கேட்டு வளர்ந்த எமக்கு இதனைப் படித்தபொழுது நெஞ்சு துணுக்குற்றது. 1679இல் ஸ்டெல்லன்பாஷ் எழுந்தது; 1685இல் சைமன் வான் டெர் ஸ்டெல் கான்ஸ்டான்ஷியாத் தோட்டத்தைப் பெற்றார்; 1688இல் பிரான்சிலிருந்து தம் சமயத்தின் பொருட்டு ஓடிவந்த ஹியூகனாட்டுகள் குடியேறினர். செயின்ட் ஹெலினாத் தீவிற் சிறைப்பட்டிருந்த நெப்போலியனும் விரும்பிப் பருகியது கான்ஸ்டான்ஷியாவின் ரசமே.

இத்துணைக் கொடிகளை நட்டுக் களைந்து அறுத்துப் பிழிந்தவர் யாவர்? 1652க்கும் 1808க்கும் இடையே ஏறத்தாழ 63,000 அடிமைகள் கேப்பிற்குக் கொண்டுவரப்பட்டனர் என்று வரலாற்றாசிரியர் கணிப்பர். அவருள் ஏறத்தாழ நாலிலொரு பங்கினர் இந்தியாவினின்று சென்றவர். வங்காளத்தினின்றும் மலையாளக் கரையினின்றும் சென்றாரோடு, நம் சோழமண்டலக் கரையினின்று சென்றாரும் உளர். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் அக்கம்பெனியார் கோட்டை வைத்திருந்ததை நாம் அறிவோம். கேப்பில் முதல் ரசம் பிழியப்பெற்ற அதே 1659இல், தஞ்சைப் பகுதியிற் போரும் பஞ்சமும் வருத்த, வயிற்றுக் கொடுமையால் விற்கப்பட்டோர் ஆயிரக்கணக்கினர். அவருட் பெரும்பாலோரை இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் ஏற்றிச் சென்றனர். கேப்பை அடைந்தவர்க்குத் தந்தையின் பெயரும் ஊரின் பெயரும் மறைந்து, ‘கோரமண்டல்’ என்னும் கரையின் பெயரே அடைமொழியாயிற்று. விடியலில் அவரை எழுப்பியதும், அந்தியில் அவரை வயலினின்று மீட்டதும் அம்மணியே. அதன் ஓசை கேட்டு எழுந்தாருள் நம் மொழியிற் பெருமூச்செறிந்தவர் எத்துணையரோ!

அடிமை நிலை 1834இல் சட்டத்தால் ஒழிந்தது. எனினும் ‘பயிற்சி’ என்னும் பெயரால் மேலும் நான்காண்டு கட்டுண்டு, 1838 டிசம்பர் முதல் நாளன்றே அவர் முற்றும் விடுதலை பெற்றனர். விடுதலைக்குப் பின்னும் மணியின் நிழல் அகலவில்லை. தோட்டத் தொழிலாளர்க்குக் கூலியின் ஒருபகுதியை மதுவாகவே அளக்கும் ‘டாப்’ முறை தலைமுறை தலைமுறையாக நீடித்தது. 1960களில் அதனைச் சட்டம் விலக்கியும், 1990கள் வரை சிற்சில இடங்களில் வழக்கு அழியவில்லை. தாயுண்ட மதுவினாற் கருவிலேயே மூளை ஊறுபட்ட குழந்தைகள், உலகில் இதுவரை ஆராயப்பெற்ற இடங்களுள் மிக்க விகிதத்திற் காணப்படுவது அம்மாகாணத்திலேயாம். 2012 நவம்பரில், உண்ணும் திராட்சை விளையும் டி டார்ன்ஸ் என்னும் ஊரிற் கூலிக்காரர் வேலைநிறுத்தம் தொடங்கினர். அப்பொழுது சட்டம் விதித்த குறைந்தபட்ச நாட்கூலி 69 ராண்ட். அவர் கேட்டது 150. 2013 மார்ச்சு முதல் அது 105 ஆக உயர்ந்தது.

‘அங்ஙனமாயின் அந்நாட்டிற்கு எவரும் போகற்க என்பீரோ?’ என்று நண்பர் வினவக்கூடும். அன்று, அன்று. பிரயாணிகள் வாராதொழியின் முதலில் உணவிழப்பவர் குதிரைக்காரரும், சமையற்காரரும், தோட்டத்தாருமே. நியாய வணிக முத்திரை பெற்று உலகில் விற்கும் திராட்சரசத்திற் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவினின்றே வருகின்றது. திருந்த முயல்வாரும் ஆங்கு உளர். இன்பப் பிரயாணத்தைப் பழித்து வீட்டிலிருப்பதனால் ஒருவர் கூலியும் உயர்ந்ததில்லை.

யாம் வேண்டுவது ஒன்றே. குதிரைமேற் செல்வோன் ஆங்காங்கு இறங்குக. குதிரையின் முதுகு உயரமானது. அவ்வுயரத்தினின்று மலையும் கடலும் நன்கு தோன்றும், குனிந்து களையெடுப்பவன் முகம் தோன்றாது. தன் குதிரையின் பெயரைக் கேட்டறிபவன், அதனைப் பேணுவான் பெயரையும் கேட்டறிக. ரசத்தின் ஆண்டை வினவுபவன், அதனைப் பறித்தார் கூலியையும் வினவுக. மணியைக் கண்டால், அஃது எவரை அழைத்தது என்று கேட்க. அந்நாட்டின் தென்கோடியில், 1824இல் மொரேவிய மிஷனெரிமார் அமைத்த ஈலிம் என்னும் சிற்றூரில், விடுதலையின் நூற்றாண்டை நினைந்து 1938இல் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பியுள்ளனர். தோட்டத்து மாளிகைகளுக்குத் தரும் நேரத்தில் ஓரரைநாளை அதற்கும் தருக. இதனாற் பிரயாணத்தின் இன்பம் குறையுமெனின், அவ்வின்பம் அறியாமையை அடிப்படையாகக் கொண்டது என்பது தெளிவு.

இங்ஙனம் பிறர்க்கு உரைக்கும் யாமும் குற்றமற்றவரல்லேம். சென்ற ஆண்டு நம் வகுப்பினர் நீலமலைக்கு உல்லாசப் பயணம் சென்றபொழுது, தேயிலைச் சரிவுகளில் நின்று நாற்பது படம் எடுத்தோம். கூடை சுமந்து கொழுந்து கிள்ளிய தாய்மார் எம் படங்களில் வண்ணப் புள்ளிகளாய் விழுந்தனர். ஒருவரையேனும் ‘அம்மா, நாளொன்றுக்கு எவ்வளவு கிடைக்கும்?’ என்று யாம் கேட்டிலேம். எம்மைச் சுமந்தது வாடகைப் பேருந்தாயினும், யாமும் குதிரைமேலேயே இருந்தோம்.

யாம் அறிந்தவற்றை அப்பழைய மாணவர்க்குக் கடிதமாக எழுதினோம். அவர் வருந்தினாரல்லர், சினந்தாருமல்லர். மணியின் படத்தைப் பெரிதாக்கித் தமிழ் மன்றத்திற்கு அனுப்பினார். கீழே தம் பெயரையும் தம் குதிரையின் பெயரையும் எழுதாது, ‘அடிமை மணி, இதனைக் கேட்டு எழுந்தாருள் நம் கரையினரும் இருந்திருப்பர்’ என்று மட்டும் எழுதியிருந்தார். மறுமுறை செல்லும்பொழுது ஈலிமுக்கும் செல்வதாகக் குறித்திருந்தார். படம் இப்பொழுது மன்றத்தின் சுவரில் தொங்குகின்றது.

மாணவ நண்பர்காள்! நம்முட் சிலர் நாளைப் பொருளீட்டிப் பல நாடுகளுக்குச் செல்வோம். சிலர் குதிரையும் ஏறுவோம். ஏறுவதில் இழுக்கில்லை. இறங்கத் தெரிந்து ஏறுவோமாக.