மறைந்தவர்களின் குரலில் பிரசாரம்

2018-இல் மறைந்த கருணாநிதி, 2024 ஜனவரியில் டி.ஆர்.பாலுவின் நூல் வெளியீட்டு விழாத் திரையில் மஞ்சள் துண்டும் கறுப்புக் கண்ணாடியுமாகத் தோன்றி, ஸ்டாலின் ஆட்சியைப் பாராட்டினார். அடுத்த மாதமே, 2016-இல் காலமான ஜெயலலிதாவின் குரல் எடப்பாடி பழனிசாமிக்கு ஆதரவு கேட்டது. இரண்டுமே செயற்கை நுண்ணறிவின் வேலை.

விழா அரங்கில் இருந்தவர்களுக்கு அது தெரியும். திண்டிவனம் பேருந்து நிலையத்தில் நின்றபடி வாட்ஸ்அப்பில் ஒரு துண்டை மட்டும் கேட்பவருக்கு?

திண்டிவனமும் அடங்கிய விழுப்புரம் மக்களவைத் தொகுதி அதே ஆண்டு ஏப்ரல் 19-இல் வாக்களித்தது. போலிக் காணொளிகள் கவனத்துக்கு வந்தால் 3 மணி நேரத்தில் நீக்குமாறு தேர்தல் ஆணையம் கட்சிகளுக்கு உத்தரவிட்டதோ மே 6-இல். அதற்குள் தமிழகம் வாக்களித்து முடித்துவிட்டது!

ஒப்புதல் தர முடியாதவரின் வாயில் சொற்களைத் திணிப்பது, தொண்டர்களின் பாசத்தைச் சுரண்டுவது. இதைக் கட்சிகள் தாங்களாகவே கைவிட வேண்டும்.